எண்ணிக்கைத் தாளில் மூன்று நாள்

9 ஜூலை

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் அண்ணனுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்தான். அதைப் போனில் கொட்டலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "குடு, நான் பேசுறேன்" என்று உன் அண்ணன் பிடுங்கிக்கொண்டு முழங்கால் புராணத்தை ஆரம்பித்துவிடுகிறார். கடிதத்தை அவர் பிடுங்க முடியாது.

எங்கள் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வந்திருக்கிறாள். நீ வேலை பார்க்கும் தலைமை அலுவலகம் அனுப்பியதுதான். இருபத்தாறு வயதுகூட இருக்காது. காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்குப் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆசிரியர்களுக்குப் பிரச்சினையைத் தீர்க்கும் திறனைக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறாளாம். நான் இருபத்து நான்கு வருஷமாக வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தார்கள்? பூப்பறித்துக்கொண்டிருந்தேனா?

என் நான்காம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒருத்தியை மற்றவர்கள் மின்னல் என்பார்கள். எப்போது எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று தெரியாது. நன்றாக உட்கார்ந்திருப்பவள் திடீரென்று எழுந்து பக்கத்தில் இருப்பவள் முதுகில் ஒன்று வைப்பாள், புத்தகத்தைத் தூக்கி வீசுவாள், மைப் புட்டியைத் தட்டிவிடுவாள். அரையாண்டுக்குள் அடங்கவில்லை என்றால் பெயரை வெட்டிவிடுவேன் என்று தலைமையாசிரியர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இந்தப் பள்ளியை விட்டால் அவளுக்கு வேறு பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இல்லை. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள், கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் இல்லை. பெயரை வெட்டினால் படிப்பு அதோடு சரி.

இதைப் பென்சிலிடம் சொன்னேன். "அடங்காதவள்" என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை அவள் அடித்துவிட்டு, "அடங்காதவன்னா என்ன டீச்சர்? அதை நான் கண்ணால எப்படிப் பாக்குறது?" என்று கேட்டாள். "வகுப்புக்கு வந்து பாரும்மா, தெரியும்" என்றேன். அவள் பிள்ளையைப் பார்க்கவே மாட்டாளாம். ஆசிரியரோடு மட்டும்தான் பேசுவாளாம். அதுதான் முறையாம். காய்ச்சல்காரப் பிள்ளையை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு நாடி பார்ப்பது என்ன வைத்தியம்? நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் இன்னொரு கேள்வி கேட்கிறாள். ஒன்றே கால் மணி நேரத்தில் ஒரு பதில்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

கடைசியில் ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். இதை எழுதிய மேதாவி யார் என்று உன் அலுவலகத்தில் விசாரித்துச் சொல். நாலு வார்த்தை நறுக்கென்று எழுதிப் போட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


17 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாரா, இல்லை அதைப் பற்றிப் பேசுவதோடு சரியா? நான் சுகம்தான். வாரத்தில் நாலு நாள் பேருந்தில்தான் வாசம்.

அந்த மேதாவி யார் என்று விசாரித்தேன். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நான்தான்.

கோபப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். ஆலோசகர் பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று விதி வைத்தவளும் நான்தான். அவள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறவள். நீங்கள் தினமும் ஐந்து மணி நேரம் அந்தப் பெண்ணோடு இருக்கிறவர். அவள் வந்து சரிசெய்துவிட்டுப் போனால் அடுத்த வருஷம் இன்னொரு மின்னல் வரும்போது மறுபடி அவளைத்தான் தேட வேண்டும். நீங்களே கண்டுபிடித்தால் அது உங்களோடு இருக்கும். அதனால்தான் கேள்வியாகக் கேட்கிறாள். எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

தயவுசெய்து எண்ணுங்கள் அண்ணி. அடிப்பது, வீசுவது, இடத்தை விட்டு எழுவது, ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. எட்டு வாரம். கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். என்னை நம்பி டிசம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு பலனைக் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். உங்கள் பள்ளியைப் பட்டியலில் சேர்த்ததே, என் அண்ணி இருக்கிறார், ஒழுங்காகச் செய்வார் என்ற தைரியத்தில்தான்.

என் மீதுள்ள கோபத்தைப் பென்சில் மீது காட்டாதீர்கள். நல்ல பெண்.

உங்கள் நாத்தனார்


25 ஜூலை

மேதாவி நாத்தனாருக்கு,

சுகமாக இரு. நான் சுகமாக இல்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ எட்டாம் வகுப்பு. பின்னத்தைக் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டி வைப்பாய். அந்த நோட்டைத் திருத்தியவள் நான். இப்போது நீ எனக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிறாய்! உன் அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு பழைய ரொட்டிதான்.

சரி, நீ கேட்டாய் என்று எண்ணுகிறேன். திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினொன்று. புதன் எட்டு. இன்று பன்னிரண்டு. எண்ணுவது எவ்வளவு சுலபம் என்று உன் கையேட்டில் எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது உன் முன்னால் நாற்பத்தொரு பிள்ளைகள் இருந்தார்களா? கரும்பலகையில் வாசிப்புப் பாடத்தின் அருஞ்சொற்களை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் என்னவோ விழுகிறது. திரும்பிப் பார்த்து, அது அவள் செய்ததா என்று கேட்டு, மேசைக்கு வந்து கோடு போட்டு, மறுபடி பலகைக்குப் போனால், எங்கே விட்டேன் என்று பிள்ளைகள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையேட்டைப் பதினான்காம் பக்கம் வரை வாசித்தேன். அங்கே தூக்கம் வந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் வாசித்திருக்க மாட்டார்கள், எழுதிய உன்னைத் தவிர.

தலைமையாசிரியர் தினமும் தாளை எட்டிப் பார்க்கிறார். "குறையலையே டீச்சர், குறையலையே" என்கிறார். பெயர்ப் பதிவேட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறது.

கோபம் உன் கையேட்டின் மீதுதான். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

அண்ணி


11 செப்டம்பர்

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்.

நடுப்பகலில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து நேற்றுக் காலை வகுப்பறைகளுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வாசலிலேயே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். இன்றும் மூடல், நாளையும் மூடல். எழுதி எழுதி மூன்று வருஷமாக மாற்றாத குழாய். ஆலோசகரை அனுப்பப் பணம் இருக்கிறது, குழாய்க்காரனை அனுப்ப இல்லை. உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

மின்னல் விஷயம் நன்றாகப் போகிறது. எண்ணிக்கை குறைகிறது. சந்தோஷம்தானே? தாளை மாதக் கடைசியில் பென்சிலிடம் கொடுத்துவிடுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. உன் அண்ணன் முழங்காலுக்கு ஒரு உறை வாங்கி மாட்டிக்கொண்டு பந்தயக்காரர் மாதிரி நடக்கிறார்.

அண்ணி


20 அக்டோபர்

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் எண்ணிக்கைத் தாள் வந்து சேர்ந்தது. ஒன்பதில் தொடங்கி இரண்டில் முடிந்திருக்கிறது. சென்ற வாரம் மேலதிகாரிகள் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினோம். எல்லாரும் பாராட்டினார்கள். உங்கள் மாணவியின் கோப்பு, தீர்ந்த பிரச்சினை என்று முடிக்கப்பட்டுவிட்டது.

தண்ணீர்க் குழாய் சரியாகிவிட்டதா? மொத்தம் எத்தனை நாள் பள்ளி மூடியிருந்தது?

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


2 நவம்பர்

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலம் என்று உன் கடிதம் சொல்லவில்லை, நானே வைத்துக்கொள்கிறேன். அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஒரு கடிதம். பாராட்டுக்கு நன்றி.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு டீச்சர் இருக்கிறாள். அவள் வகுப்பில் ஒருவன் பேனா மூடியைக் கடிக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவளுக்கு உங்கள் அலுவலகம் ஒரு துணை ஆசிரியையை அனுப்பியிருக்கிறது! தினமும் ஒரு மணி நேரம் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். மூடி கடிப்பவனுக்குத் துணை ஆசிரியை, மண்டையை உடைப்பவளுக்கு ஒன்றும் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

பென்சிலைப் பிடித்துக் கேட்டேன். "அவங்க தாள்ல பதினாலு, பதினாலு, பதினஞ்சுன்னு குறையவே இல்ல டீச்சர். உங்க பிரச்சினைதான் தீந்துடுச்சே" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பென்சிலைப் பிடுங்கி இரண்டாக உடைத்திருப்பேன்.

மின்னலுக்கு இப்போது ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். நீ அங்கே பெரிய இடத்தில் இருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அண்ணி


10 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "எட்டு வாரத்தில் எண்ணிக்கை குறையாவிட்டால் அதை ஆசிரியரின் தோல்வியாகக் கொள்ளக் கூடாது. ஒருவரால் தனியாகச் செய்ய முடியாத வேலை என்று கொண்டு, அந்த மாணவருக்குத் தினமும் ஒரு மணி நேரம் துணை ஆசிரியரை அனுப்ப வேண்டும். அதுவரை மாணவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கூடாது."

உங்கள் தாளில் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. குறைந்த தாளுக்குத் துணை ஆசிரியரை அனுப்ப என்னால் எப்படிச் சொல்ல முடியும்? நிலைமை மாறியிருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை.

உங்கள் நாத்தனார்


28 நவம்பர்

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க எங்கள் வகுப்பு முறை. ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பெண் கொஞ்சம் நிதானப்படுவாள் என்று மின்னலின் பெயரை நான்தான் எழுதினேன். படிக்கட்டில் ஏறும்போது வகுப்புத் தலைவி செய்தித் தாளை எடுத்து அவளிடம் நீட்டியிருக்கிறாள். ஒரே தள்ளு. அந்தப் பெண் ஐந்து படி உருண்டாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அவள் அப்பா பள்ளி வாசலில் நின்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்.

மின்னல் அழவில்லை. சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் பதினைந்தாம் தேதி பெயரை வெட்டுவதாகத் தலைமையாசிரியர் எழுதிவைத்துவிட்டார். அதுவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். "உங்க தாள்லதான் எல்லாம் சரியாப்போச்சுன்னு இருக்கே டீச்சர், அப்புறம் இது திமிர்தானே?" என்று கேட்டார். என் தாளைக் காட்டி என்னிடமே கேட்டார்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம்தான் நான் எண்ணினேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மிச்சம் ஆறு வாரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்க்கும்போது அன்றைய எண்ணுக்குக் கீழே கையால் மறைத்துக்கொள்வேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, லாட்டரி நம்பரா?" என்று கேட்டார். எட்டு, எட்டு, ஏழு என்று மெதுவாக இறக்கினேன், சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே ஒன்றைக் கூட்டினேன். அந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம். எண்ணிக்கை இறங்கினால் தலைமையாசிரியர் அவளை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். என் பெயரும் கெடாது, பென்சிலும் ஒழிவாள், தாளும் ஒழியும் என்று நினைத்தேன். எது முதலில் தோன்றியது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவளைக் காப்பாற்றுவதுதான் முதலில் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

உன் இருபத்திரண்டாம் பக்கத்தை நேற்றுதான் பிரித்துப் பார்த்தேன். ஒழுங்காக எண்ணித் தோற்றிருந்தால் அவளுக்கு ஆள் கிடைத்திருக்கும். பெயரையும் வெட்ட முடியாது. நான் ஜெயிக்கவைத்து அவளைக் கெடுத்தேன். இந்தச் சங்கதியை இருபத்திரண்டாம் பக்கத்தில் கொண்டுபோய் ஏன் வைத்தாய்? முதல் பக்கத்தில் வைத்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

என்ன செய்யலாம் சொல்.

அண்ணி


3 டிசம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான்.

எனக்குத் தெரியும். அக்டோபரிலேயே தெரியும். உங்கள் தாளில் செப்டம்பர் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மூன்று நாளுக்கும் எண் இருந்தது. நாலு, மூன்று, மூன்று. அந்த மூன்று நாளும் பள்ளியே இல்லை என்று உங்கள் கையாலேயே எனக்கு எழுதியிருந்தீர்கள். தாளையும் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாருமே இல்லாத வகுப்பில் ஒரு பெண் மூன்று முறை யாரை அடித்தாள்?

முப்பத்தொரு பள்ளிகளில் எண்ணிக்கை இறங்கியது உங்கள் தாளில் மட்டும்தான். இரண்டு நாளில் கூட்டம். அதைத் திரையில் போட்டேன். கோடு அழகாகக் கீழே இறங்கியது. கைதட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். பள்ளி எத்தனை நாள் மூடியிருந்தது என்று அப்புறம் உங்களைக் கேட்டு எழுதினேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாதது எனக்கு வசதியாக இருந்தது.

சென்ற மாதம் நீங்கள் உதவி கேட்டபோதுகூட விதியை எடுத்து எழுதி அனுப்பினேனே தவிர, உண்மையை எழுதவில்லை. நீங்களே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒரு பிள்ளையின் கை முறிந்துவிட்டது.

உங்கள் நாத்தனார்


7 டிசம்பர்

நாத்தனாருக்கு,

தெரிந்தே விட்டாயா?

நான் செய்தது ஏமாற்று வேலை. ஒப்புக்கொள்கிறேன், பூசி மெழுகவில்லை. ஆனால் எனக்கு இருபத்திரண்டாம் பக்கம் தெரியாது. உனக்குத் தெரியும். அந்தத் தாளை ஒப்புக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு ஆள் போகாது என்று தெரியும், ஏனென்றால் அந்த விதியை எழுதியவள் நீ. தெரிந்துகொண்டு அதைத் திரையில் போட்டுக் கைதட்டல் வாங்கினாய். "பிள்ளையைப் பார்க்க மாட்டோம்" என்பது உங்கள் முறை என்றாயே, நன்றாகத்தான் கடைப்பிடித்திருக்கிறாய்!

ஒரு வரி எழுதியிருந்தால் போதும். "அண்ணி, என்ன இது?" என்று மூன்று வார்த்தை. நான் குதித்திருப்பேன், உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், அப்புறம் உட்கார்ந்து ஒழுங்காக எண்ணியிருப்பேன். இருபது வருஷமாக என்னைத் தெரிந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? உன் நோட்டில் நீ பார்த்து எழுதியதை நான் எத்தனை முறை கண்டுபிடித்து முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன்! நான் உன்னை அந்த அளவுக்காவது மதித்தேன்.

நேற்றுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு வார எண்ணிக்கை என் கற்பனை, நான் எண்ணவில்லை, கையெழுத்து. அவர் இரண்டு முறை வாசித்தார். "இதைக் குடுத்தீங்கன்னா உங்க பதிவேட்டுல கறுப்புப் புள்ளி விழும் டீச்சர், யோசிச்சுக்குங்க" என்றார். விழட்டும் என்றேன். அதன் நகலை உன் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். நீ உன் பங்குக்கு என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கு எழுத வேண்டாம். செய்துவிட்டு எழுது. பதினைந்தாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

அண்ணி


13 டிசம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

செய்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தத் தாள் பொய் என்பதையும், அது பொய் என்று தெரிந்தே நான் காட்டினேன் என்பதையும் மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். கோப்பு மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. எட்டு வாரம் புதிதாக எண்ண வேண்டும். அது முடியும்வரை பெயரை வெட்டக் கூடாது என்று உங்கள் தலைமையாசிரியருக்கு உத்தரவு போயிருக்கிறது. பென்சில் மார்ச் வரை வருவாள். அதற்குப் பிறகு திட்டம் இருக்காது. எனக்கு மேசை நாற்காலி வாங்கும் பிரிவில் இடம் போட்டிருக்கிறார்கள்.

கையேட்டைத் திருத்தி எழுத எனக்கு இனி அதிகாரம் இல்லை. இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் வைத்திருப்பேன்.

நீங்கள் கேட்டது சரி. மூன்று வார்த்தை எழுதியிருக்க வேண்டும்.

நாத்தனார்


24 ஜனவரி

அன்புள்ள நாத்தனாருக்கு,

எப்படி இருக்கிறாய்? மேசை நாற்காலிப் பிரிவில் உனக்காவது ஒரு நல்ல நாற்காலி கொடுத்தார்களா? உன் அண்ணன் உனக்காகத் தினமும் என்னோடு சண்டை போடுகிறார். நான் உனக்காக அவரோடு சண்டை போடுவதில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் அதன் அருமை தெரியாது.

மின்னல் திரும்பி வந்துவிட்டாள். கை முறிந்த பெண்ணின் அப்பா இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் பதிவேட்டில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. நான் மறுபடி எண்ண ஆரம்பித்தேன், இந்த முறை கழுத்தில் ஓர் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. இரண்டாம் வாரம் பென்சில் வந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு, "எத்தனைன்னு இருக்கு டீச்சர். எப்ப?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அடக்கிக்கொண்டு, கோட்டுக்குப் பக்கத்தில் மணியையும் எழுத ஆரம்பித்தேன்.

நாலே நாளில் தெரிந்துவிட்டது. எல்லாக் கோடும் வாசிப்புப் பாடத்தில். கணக்கில் ஒன்றுகூட இல்லை. நான் முன் வரிசை முதல் பிள்ளையிலிருந்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வேன், இருபத்து நான்கு வருஷமாக அப்படித்தான். அவள் முறை வருவதற்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்போது ஏதாவது ஒன்று பறக்கும். நான் அவளை வெளியே நிற்கச் சொல்வேன். அவள் முறை தாண்டிப்போகும். சோதித்துப் பார்க்க ஒரு நாள் பின் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். அவள் முறை தாமதமாக வந்தது, புத்தகமும் தாமதமாகத்தான் பறந்தது.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்காம் வகுப்பு முடியப்போகிறது, எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அவளுடைய பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். வாசிப்பு: முதல் வகுப்பில் பத்துக்கு ஆறு, இரண்டாம் வகுப்பில் ஆறு, மூன்றாம் வகுப்பில் ஆறு. இந்த வருஷம் காலாண்டில் ஆறு. அந்தக் கடைசி ஆறு என் கையெழுத்து. வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே போட்டிருக்கிறேன். நீயும் நானும் சேர்ந்து ஒரு பொய்த் தாள் தயாரித்தோம் என்று மனம் குமைந்துகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் அதை வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறோம், யாரும் கறுப்புப் புள்ளி வைக்கவில்லை. தலைமையாசிரியர் மேசையில் நாலு அட்டையையும் பரப்பிவைத்துக் கத்தினேன். பக்கத்து அறை டீச்சர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

எட்டு வாரம் முடிந்து துணை ஆசிரியை வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை மாலையில் நானே அரை மணி நேரம் அவளை வைத்துக்கொள்கிறேன். நேற்று அவள் அம்மா கடையின் பெயர்ப் பலகையில் இருக்கிற எழுத்துகளைக் கூட்டி வாசித்தாள். இரண்டு எழுத்தைத் தப்பாக.

அப்போதுதான் கேட்டேன், "உன் முறை எப்ப வரும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்: "பாடம் ஆரம்பிச்சதும் எண்ணுவேன் டீச்சர். எனக்கு முன்னாடி பதினாறு பேர். அதுல யார் வரலைன்னு பாத்து அவங்களைக் கழிச்சுடுவேன். இன்னிக்கு ரெண்டு பேர் வரலை. பதினாலு."

கேட்டாயா? வராத பிள்ளைகளைக் கழித்துவிட்டு எண்ணுகிறாள். நான் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் எண்ணியவள். நீ அதைப் பார்த்துவிட்டும் கழிக்காதவள். நம் மூன்று பேரில் ஒழுங்காக எண்ணியது அவள் ஒருத்திதான்.

குளிருக்கு ஏதாவது போர்த்திக்கொண்டு பேருந்தில் போ. விடுப்பு கிடைத்தால் வந்து இரண்டு நாள் இரு. வரும்போது அவளைப் பார்.

உன் அண்ணி